பின் சீட்டில் வந்த தை மாதம்

பொங்கல் முடிந்து ஊர் அடங்கிப்போன ஒரு காலை. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுத் தெரு ஒன்று. மஞ்சள் சுவர்களில் பனி ஈரமாகப் படிந்திருக்கிறது. தெருவின் நடுவில் என் ஸ்கூட்டர். அதன் மேல் என் மனைவி கஸ்தூரி.

காதைச் சுற்றி மப்ளர், அதற்கு மேல் என் ஹெல்மெட். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறாள். இரண்டு காலும் தரையை விட்டு எழ மறுக்கின்றன. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய சிநேகிதி மும்தாஜ் நிற்கிறாள். நான் தெருமுனையில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறேன். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"அண்ணே, அங்கியே நில்லுங்க. ஒரு வார்த்த பேசுனீங்க, நான் வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மும்தாஜ்.

"நான் இன்னா பேசுனேன்?"

"தோ, பேசிட்டீங்க."

கஸ்தூரி ஆக்சிலேட்டரைத் திருகினாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஸ்வெட்டரும் அரை டிராயருமாக ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவர் கையை மெல்ல ஆட்டி, "துஸ்மான், மதாம், துஸ்மான்!" என்றார்.

"அவுரு இன்னா சொல்றாரு?" என்று கஸ்தூரி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"மெதுவா போவச் சொல்றாரு" என்றேன். இரண்டாவது முறையும் ஒப்பந்தத்தை மீறிவிட்டேன். மும்தாஜ் என்னை முறைத்தாள்.

வளைந்து தெரிந்த ஒயர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டையில் லைட் செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் பண்டிகை எதுவானாலும் சீரியல் பல்பு கட்டுவது நாங்கள்தான்.

எங்களுக்கு டிசம்பர் என்றால் தூக்கம் கிடையாது. சர்ச்சுகளுக்கு நட்சத்திரம், ஓட்டல்களுக்குத் தோரணம், புது வருஷத்துக்கு மரம் மரமாகப் பல்பு. வெளியூர்க்காரர்கள் ஊரை நிறைத்துக்கொண்டு போட்டோ எடுக்கும்போது, அந்தப் போட்டோவில் பின்னால் மின்னுவது எங்கள் வேலை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்த டிசம்பரில் ஒரு ஓட்டல் வாசலில் ஏணி மேல் நின்று ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு இழுத்தும் நடுவில் ஒரு வளைவு. எதிர்ப்பக்க ஏணியில் என்னிடம் ரொம்ப நாளாக வேலை செய்யும் ஆறுமுகம்.

"ஆறுமுகம், இன்னும் இழுய்யா."

"இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும் மேஸ்திரி. நேராத்தான் கீது."

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். ஒயர் நேராக இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். ஒயர் வளைந்து, நடுவில் ஈரக் கை பட்ட மாதிரி ஒரு கறை. மறுபடி மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். அப்புறம் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், சர்க்கரை கண்ணின் பின்பக்கத்தைத் தொட்டுவிட்டது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். கண்ணுக்குள்ளேயா என்று கேட்காதீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமாகப் பேசினார். "நாங்க சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. ஏணி ஏறவே ஏறாதீங்க."

கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தே கழித்தேன். ஆறுமுகம் போனில் கூப்பிடுவான், நான் போனிலேயே கத்துவேன். ஸ்கூட்டர் வாசலில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் வாசல் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கஸ்தூரி குழம்புக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"நான் வண்டி கத்துக்கப் போறேன்."

"இந்த வயசுலயா?"

"உங்களுக்கு இந்த வயசுல கண்ணு போவலாம், எனக்கு இந்த வயசுல வண்டி வரக் கூடாதா?"

சொன்ன பிறகு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது போல. உரித்த மொச்சையில் ஒரு பிடியை எடுத்து என் கையில் வைத்தாள். பச்சை மொச்சையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஊர் நமக்குத் திரும்பும் வாரங்கள்

தை பாதிக்கு மேல் எங்கள் ஊரில் ஒரு பருவம் இருக்கிறது. காலண்டரில் அதற்குப் பெயர் கிடையாது. வெளியூர்க் கார்கள் கிளம்பிப் போயிருக்கும். காபிக் கடைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜை மேல் அடுக்கியிருப்பார்கள். டிசம்பர் முழுக்கத் தெருவைக் கடக்கத் திணறிய கிழவிகள், நடுத்தெருவில் நின்று ஒருவரோடொருவர் சாவகாசமாகப் பேசுவார்கள். நாய்கள் தங்கள் பழைய இடங்களில் வந்து படுத்துக்கொள்ளும்.

பனி இருக்கும், ஆனால் மார்கழியின் குத்தல் இருக்காது. டீக்கடையில் கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டு, வெயில் விழும் பக்கமாக எல்லாரும் ஒதுங்கி நிற்பார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்வார்கள். ரொட்டிக் கடையில் மிஞ்சிப்போன பிளம் கேக்கைத் துண்டு போட்டு விற்பார்கள். பண்டிகையில் சாப்பிட்டதைவிட அதுதான் ருசி, ரம் நன்றாக ஊறியிருக்கும். நீள ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் விலாவுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும்.

வீட்டில் ஃபேன் ஓடாது. ஃபேன் நின்ற வீட்டில் கடல் கேட்கும். வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, ஆனால் தையில்தான் எங்கள் படுக்கை வரைக்கும் வரும்.

வண்டி பழக இதைவிட நல்ல சமயம் ஏது? தெருவெல்லாம் காலி.

நான் நடத்திய பாடம்

முதல் நாள் பாடம் நான்தான் எடுத்தேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

"பிரேக்கு! பிரேக்கப் புடி! அது ஆக்சிலேட்டரு! அத்த ஏன் திருவுற? கால எடு! கால வெய்யி!"

கஸ்தூரி வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கூடை மாதிரி மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள்.

வண்டி ஓட்ட எனக்கு அனுமதி இல்லை. தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அவள் முன்னால், நான் பின்னால். வழியெல்லாம் தெரிந்த முகங்கள்.

"இன்னா மேஸ்திரி, பெட்ரோல் தீந்துடுச்சா?"

"ஆமா."

"அக்காவ ஏன் நடக்க வுட்டுட்ட?"

"அவங்களுக்கும் தீந்துடுச்சு" என்றேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த முதுகு ஒரு குலுங்கு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் திரும்பவில்லை. மறுநாளே முல்லா வீதிக்குப் போய் மும்தாஜைப் பிடித்துவிட்டாள்.

மும்தாஜும் கஸ்தூரியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மும்தாஜுக்குத் தையல் கடை. துணி மூட்டையை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஊரின் எல்லாச் சந்துகளிலும் வண்டி ஓட்டுகிறவள். அவள் பாடம் நடத்தும் முறை வேறு. வண்டியைப் பற்றிப் பேசவே மாட்டாள். பின்கம்பியைப் பிடித்து ஓடிக்கொண்டே, தன் மருமகள் வைத்த பிரியாணியில் உப்பு போடாத கதையைச் சொல்வாள். கஸ்தூரி கதையில் மூழ்கி, கால்களைத் தானாக மேலே தூக்கிவிடுவாள். கதை முடிந்து பார்த்தால் தெருக்கோடி வந்திருக்கும். மும்தாஜ் எப்போதோ கம்பியை விட்டிருப்பாள்.

சொல்தா பெரியவர் தினமும் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். கஸ்தூரி முதல் தடவை விழாமல் திரும்பி வந்தபோது அவர் கைதட்டிய சத்தத்தில் புறாக்கள் எழுந்து பறந்தன.

சைக்கிள் காலம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரு சைக்கிள்தான். கஸ்தூரி பின்னால் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருவாள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் நிற்கும் முனை வந்தால், டபுள்ஸ் என்று பிடிப்பாரோ என்ற பயத்தில் இறங்கிக்கொள்வாள். இரண்டு பேரும் அவரைத் தாண்டி நடப்போம். தாண்டியதும் ஏறிக்கொள்வாள். அவருக்கு எல்லாம் தெரியும். ஒருநாள், "கீழ எறங்காத தாயி, காலு வலிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேரியரிலிருந்து அவள் எனக்கு ஊரைச் சொல்லிக்கொண்டே வருவாள். இந்த வீட்டு ஜன்னலுக்குப் பச்சை அடிச்சிருக்காங்க. அந்த வீட்ல தொட்டில் கட்டியிருக்காங்க, கொழந்த பொறந்துடுச்சு போல. நான் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உம் கொட்டுவேன். பிறகு ஸ்கூட்டர் வாங்கினோம். கத்துக்கோயேன் என்று அப்போதே கேட்டேன். "நீங்க ஓட்டுங்க, எனக்கு வேடிக்க பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அத்தனை வருஷமும் ஊரை அவள் பார்த்தாள், நான் ரோட்டைப் பார்த்தேன்.

சட்டப்படி ஒரு பதவி

கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கொடுக்கும் லைசென்ஸ் கஸ்தூரிக்கு வந்தது. சிவப்பு எழுத்து ஸ்டிக்கரை மும்தாஜே வண்டியின் முன்னாலும் பின்னாலும் ஒட்டினாள்.

"அண்ணே, இப்ப நீங்க பின்னாடி உக்காரணும். லைசென்ஸ் உள்ள ஆளு ஒருத்தர் கூட இருந்தா நல்லது. ஆனா வாய மட்டும் தொறக்கக் கூடாது."

ஏறி உட்கார்ந்தேன். முதலில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடை மேல் வைத்தேன். கம்பியைப் பிடித்தேன். கடைசியில் அவள் தோளில் வைத்தேன். இத்தனை வருஷம் கழித்து நடுத்தெருவில் வெட்கமாக இருந்தது.

முதல் சில நாள் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முனையிலும் என் கை அவள் தோளை இறுக்கும். "புடிங்க, பிய்க்காதீங்க" என்பாள்.

டீக்கடை முன்னால் போகும்போது கேலி வராமல் இருக்குமா? "இன்னா மேஸ்திரி, பின்னாடி போய்ட்ட?" என்று ஒருவன் கத்தினான். நான் பதில் தேடுவதற்குள் கஸ்தூரி வண்டியை நிறுத்தினாள். "உன்னயும் ஏத்திக்கவா? எடம் இருக்குது" என்றாள். கடையே சிரித்தது. அவன் எனக்கு ஒரு டீ சொன்னான், சர்க்கரை இல்லாமல்.

கொஞ்சம் கொஞ்சமாக என் கால் அடங்கியது. தோளில் இருந்த கை தளர்ந்தது. தலை தானாகப் பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தது.

முப்பது வருஷத்துக்கு மேலாக நான் பல்பு கட்டிய தெருக்கள் அவை. ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்கும் இடம் தெரியும், பிளக் இருக்கும் இடம் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் மாடியில் காகிதப்பூக் கொடிக்கு நடுவில் கட்டில் போட்டு ஒரு ஆள் வெயில் காய்வது தெரியாது. ஒரு கதவின் மேல் யாரோ ஒருவரின் மீசை வைத்த முகம் சுண்ணாம்பில் செய்திருப்பது தெரியாது. பள்ளிக்கூடச் சுவருக்கு மேல், பொங்கலுக்கு அறுந்த பட்டம் ஒன்று கிளையில் மாட்டிக்கொண்டு ஆடுவது தெரியாது.

"கஸ்தூரி, அந்த வூட்டுக் கதவுல ஒரு மூஞ்சி கீது பாத்தியா?"

"எனக்கு நேரமில்ல. ரோட்டப் பாக்கணும்" என்றாள்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில்

அடுத்த ஊசிக்கு நாள் வந்தது. கோரிமேட்டுக்கு பஸ்ஸில் போகலாம் என்றேன். வண்டியில்தான் போகிறோம் என்றாள். அவள் ஓட்டிய முதல் பெரிய ரோடு அதுதான்.

ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடம் தேடி அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரம்மா நிறைய நேரம் விளக்கு அடித்துப் பார்த்தார். வரிசையாக எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். இடது கண்ணால் நடுவில் இருந்த எழுத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓரங்கள் மட்டும் இருந்தன.

"ஐயா, நேராவே சொல்றேன். இடது கண்ணுல போன பார்வை இனி வராது. மேல கெட்டுப் போகாம இருக்கத்தான் இந்த ஊசி. வலது கண்ணு நல்லா இருக்கு. சர்க்கரைய கட்டுப்பாட்டுல வெச்சீங்கன்னா அது நிக்கும்."

ஊசி போட்டு, கண்ணைக் கட்டி அனுப்பினார்கள். வெளியே வந்தபோது கஸ்தூரி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"போலாம், ஏறு" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஊருக்குள் வரும் ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. இடப்பக்கம் ஒரு விழுப்புரம் பஸ், வலப்பக்கம் பால் வண்டி. என் கண் முன்னால் இருந்தது அவள் முதுகும் ஹெல்மெட்டும்தான். முகம் இல்லாத ஒருவரிடம் சொல்வது சுலபம் என்று தோன்றியது. முன்னால் சாய்ந்து சொன்னேன்.

"எடது கண்ணு இனிமே வராதாம்."

"இன்னா?"

"எடது கண்ணு."

"கேக்கல! ஹெல்மெட்டு!"

மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன். "எடது கண்ணு இனிமே வராதாம்! போனது போனதுதானாம்!"

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியில் குழந்தையோடு, திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பால் வண்டிக்காரரும் திரும்பினார். ஊருக்கே அறிவித்துவிட்டேன்.

கஸ்தூரி வண்டியை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.

"வலது?" என்று கேட்டாள், அவளும் கத்தித்தான்.

"வலது நிக்குமாம்! சர்க்கரைய பாத்துக்கணுமாம்!"

"சரி!"

பஸ் எங்களைத் தாண்டும்போது அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள். நானும் காட்டினேன்.

கடலோரம்

வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அவள் திரும்பாமல் நேராகக் கடற்கரை வரைக்கும் வந்துவிட்டாள். வழியில் ஒரு முனையில் நிறுத்தி, மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கினாள். கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில், ஆனாலும் உறைக்கவில்லை. டிசம்பரில் கால் வைக்க இடமில்லாத ரோட்டில், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மட்டும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார்.

"கடைய மூடிடலாம்னு பாக்கறேன்" என்றேன். "ஏணி ஏற முடியாதவனுக்கு லைட் செட்டிங் எதுக்கு? சாமான் எல்லாத்தையும் ஆறுமுகத்துக்கே குடுத்துடலாம்."

"ஏணி ஏற ஆறுமுகம் இருக்கான். கீழ நின்னு எது கோணலா இருக்குதுன்னு சொல்ல ஆள் வேணாமா?"

"எனக்கு நேரா இருக்கறதே கோணலாத் தெரியுதுடி."

"ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க. தச்சனெல்லாம் அப்படித்தான பாக்கறான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் ஊசி போட்ட கண் வலித்தது. கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மடியில் கிழங்கை வைத்துக்கொண்டு தோலை உரிக்கப் பார்த்தாள். நகம் நுழையவில்லை. மறுபடி முயன்றாள். அப்போதுதான் பார்த்தேன், கிழங்கு அவள் கையில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. கோரிமேட்டிலிருந்து பஸ்களுக்கு நடுவில் என்னை ஏற்றிக்கொண்டு வந்த கைகள். வழியில் ஒரு தடவைகூட வண்டி ஆடவில்லை.

"பயந்துட்டியா?"

"வண்டிக்கு இல்ல" என்றாள்.

அவள் மடியிலிருந்து கிழங்கை எடுத்தேன். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருந்த நரம்பை உருவிப் போட்டேன். பெரிய பாதியை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக் கடித்தாள். நன்றாக வெந்திருந்தது. மென்றுகொண்டே கடலைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். தின்று முடித்த கையை என் முன்னால் நீட்டினாள். நான் அடுத்த கிழங்கை உரிக்க ஆரம்பித்தேன்.